கவிழ்த்து வைத்த பாத்திரம்

ஜூன் 2, ஞாயிறு

காலையில் நல்ல தண்ணீர் வந்தது. தொட்டியும் குடங்களும் நிறைத்து வைத்தேன். மதியம் ரசமும் சுட்ட அப்பளமும். மூன்று மணிக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாலு மணி வாக்கில் ஆட்டம் கெட்டது. சுரங்கத்துக்குள் ஒரு இரும்புக் கதவு. இம்மானுவேல் பூட்டுக்குள் கம்பியை விட்டுத் திருகுகிறான். அந்தப் பக்கம் ஏதோ மூச்சு விடும் சத்தம் கேட்கிறது என்று நான் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பகடை அவன் கையில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரே நிமிசம் மாமா என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனான். திரும்பி வந்தபோது கதவும் இல்லை, மூச்சும் இல்லை. கோகிலாவும் ஜாபரும் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் வேலை பார்த்த பவுண்டரியில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முதலில் ஊற்றியது ஆறிவிடும், பிறகு ஊற்றுவது அதோடு ஒட்டாது. வெளியே பார்த்தால் தெரியாது. சுத்தியலால் தட்டினால் சத்தம் உடைந்து வரும். கதையும் அப்படித்தான் என்று இவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

பிற்பாடு யார் பேரில் தப்பு என்று பேச்சு வந்தால் இருக்கட்டும் என்று இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

விளையாட்டு சுலபம்தான். ஆளுக்கொரு பாத்திரம். நான் நிலைமையைச் சொல்வேன், தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். பூபதி கல்லூரியிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு. என் மகன். இந்த ஹாலில்தான் இதே மூன்று நண்பர்களோடு ஆடுவான். அவன் நடத்திய கதையில் விறகடுப்பில் இரும்பை உருக்கினார்கள். பொறுக்க முடியாமல் திருத்தினேன். பிறகு எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. கடைசியில் அந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்து, நானே கதை நடத்தத் தொடங்கினேன். எட்டாவது படித்தவன் நடத்துகிறான் என்று யாரும் குறை சொன்னதில்லை. விளையாட்டை நடத்துகிறவனை மாஸ்டர் என்பார்கள். பூபதிதான் அதை மேஸ்திரி என்று மாற்றினான்.

அடுத்த ஞாயிறு முதல் போன் எதுவும் மேசைக்கு வராது.

ஜூன் 4, செவ்வாய்

பரணிலிருந்து இட்லிக் குண்டாவை இறக்கினேன். மனைவி தெய்வாத்தாள் போனதிலிருந்து ஏறிய தூசி. புளி போட்டுத் தேய்த்தேன். தட்டுகளை எடுத்துவிட்டால் நாலைந்து போன் தாராளமாகப் பிடிக்கும். மூடி இறுக்கமாக உட்காருகிறது.

ஜூன் 9, ஞாயிறு

விதியைச் சொன்னேன். மூன்று மணிக்குப் போன்கள் குண்டாவுக்குள் போகும், ஆறு மணிக்கு நான் திறப்பேன். ஜாபர் குனிந்து உள்ளே பார்த்தான்.

"ஆவியில வெந்துராதுங்களா மாமா?"

"வெந்தா சட்னி தொட்டுத் தின்னு" என்றான் இம்மானுவேல். போட்டார்கள்.

நாலு மணிக்கு ஒரு போன் அடித்தது. அலுமினியத்துக்குள் அந்தச் சத்தம் கோவில் மணி மாதிரி அதிர்ந்தது. கோகிலாவின் போன். அவள் பாதி எழுந்துவிட்டாள். பிசியோதெரபி செய்கிறவள், நோயாளி யாராவதாக இருக்கும். ஒரு தடவை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன் என்றாள். நான் மூடி மேல் கையை வைத்தேன். அடித்து ஓய்ந்ததும் இம்மானுவேலின் போன் அடித்தது. அப்புறம் ஜாபருடையது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஆள் வரிசையாக அடிப்பது போல இருந்தது. வங்கிக் கடன் விற்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

ஜாபர் வரவில்லை. அவன் டம்ளரைக் கவிழ்த்தேன்.

டம்ளர் விஷயத்தை எழுத வேண்டும். நாலு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டச் சொன்னேன். நீலி, தாழ்க்கோல், காடை, வலசை. கடைக்காரர் இதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார். நீலி கோகிலாவுடையது, ஓடக்காரி. தாழ்க்கோல் இம்மானுவேல், பூட்டுத் திறக்கிறவன். காடை ஜாபர், திருடன். வந்தவர்கள் அவரவர் டம்ளரில் டீ குடிப்பார்கள். வராதவர் பாத்திரம் கவிழும். கவிழ்ந்திருக்கும் வரை அந்தப் பாத்திரம் கதையில் தூங்கும். கவிழ்த்ததை அந்த ஆள் வந்துதான் நிமிர்த்த வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. மூன்று ஞாயிறு தொடர்ந்து வராவிட்டால் தூக்கம் முடிந்தது, வந்து உயிருக்குப் பகடை உருட்ட வேண்டும். வராத ஆளுக்காக மற்றவர்கள் எத்தனை நாள்தான் காத்திருப்பது?

மேஸ்திரிக்குப் பாத்திரம் கிடையாது. நான் பிளாஸ்க் மூடியில் குடிப்பேன்.

வலசை பூபதியினுடையது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 19, புதன்

துணி துவைத்தேன். வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. தெரியாத எண்ணை எடுக்கக் கூடாது என்று போலீஸே சொல்கிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

ஜாபர் வந்தான். டம்ளரை நிமிர்த்தவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய், சபீனா போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, என் கையில் கொடுத்தான். பெங்களூரில் வேலை, வியாழக்கிழமை போகிறானாம். இனி ஞாயிற்றுக்கிழமை வருவதற்கில்லை.

"ஆன்லைன்ல ஆடலாமுங்க மாமா. இப்ப எல்லாரும் அப்டித்தான் ஆடறாங்க."

முகத்தைப் பார்க்காமல் ஆடுவது சீட்டுக்கம்பெனி நடத்துவதற்குச் சமம் என்றேன். சிரித்தான். போகும்போது என் காலைத் தொட்டான். இவன் ஒழுங்காகப் போனான், அதைச் சொல்ல வேண்டும். காடை கதையில் ஒரு கிளைச் சுரங்கம் வழியாக வெளியே போய்விட்டான், உயிரோடு.

இம்மானுவேல் இரண்டு போன் வைத்திருக்கிறான் என்பதை இன்று கண்டுபிடித்தேன். ஒன்று குண்டாவில். நாலு மணிக்குப் பாத்ரூம் போகிறேன் என்று போனவன் பால்கனியில் நின்று இன்னொன்றில் பேசிக்கொண்டிருந்தான். கதவு மறைவில் நின்றேன்.

"சாப்புடறாருடா. எளைச்சாப்ல தான் தெரியுது. பிரசர் மாத்தர பாத்தேன், அட்ட காலியாயிட்டு வருது, அப்பப் போடறாருன்னுதான அர்த்தம்? ம். கேக்கலடா. உன்னயப் பத்தி ஒண்ணுங் கேக்கல."

அவன் வீட்டில் வயதானவர் யாரோ இருக்கிறார் போல. அக்கறையாக விசாரிக்கிறார்கள். அதை ஆறு மணிக்குப் பின் விசாரிக்கலாம். தாழ்க்கோலுக்குச் சுண்டுவிரல் ஒன்று கதவில் நசுங்கியது என்று தீர்ப்புச் சொன்னேன். தண்டனை இல்லாமல் விதி நிற்காது.

ஜூன் 30, ஞாயிறு

இம்மானுவேல் வரவில்லை. மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை வகுப்பாம். கோகிலா மட்டும் வந்தாள். இனிப்புக்கு ஒப்புட்டு கொண்டுவந்திருந்தாள். முதலில் என் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, சொன்ன பயிற்சியைச் செய்யவில்லை என்று கண்டுபிடித்தாள்.

ஒருத்தியை வைத்துக்கொண்டு கதை நடத்தினேன். நீலி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். ஒரு மூலையில் தன் காலடித் தடத்தையே மறுபடி பார்த்தாள். கோகிலா பகடையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருசமா இதுக்குள்ளயே சுத்தறமுங்க மாமா. மதகு எங்கதான் இருக்குது?"

கதையில் ஒரு ராஜா மதகை மூடிவிட்டுச் செத்துப்போனான். தேசம் மூன்று தலைமுறையாக வறண்டு கிடக்கிறது. மதகைத் திறந்தால் கதை முடியும். அது இருக்கும் இடம் வலசைக்கு மட்டும்தான் தெரியும். வழிகாட்டி அவன். அப்படித்தான் முதலிலேயே எழுதினேன். ஒருவருக்காக அதை மாற்றுவதற்கில்லை என்றேன்.

அவள் நாலாவது டம்ளரைப் பார்த்தாள்.

அவள் போனபின் எழுதுகிறேன். ரெண்டு வருடம் முன்பு பூபதி மூன்று ஞாயிறு மேசைக்கு வரவில்லை. சென்னையில் நேர்காணல், பிறகு விசா, பிறகு வேறொன்று. அவன் அம்மா காரியம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாலாவது ஞாயிறு வந்து உட்கார்ந்தான். போலந்தில் வேலை கிடைத்துவிட்டது, அன்று சாயங்காலமே ரயில். வீட்டுப் பிள்ளை என்பதற்காக விதியை வளைத்தால் மற்றவர்கள் மதிப்பார்களா? சுரங்கத்தில் வெள்ளம் வந்தது, வலசை முன்னால் போயிருந்தான், உருட்டு என்றேன். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பான்.

உருட்டினான். பகடை நின்றது. யாரும் பார்க்கும் முன் தன் டம்ளரைக் கவிழ்த்து அதை மூடினான்.

"என்ன உழுந்துருக்குதுன்னு நீங்களே தூக்கிப் பாத்துக்குங்கப்பா."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கவிழ்த்த பாத்திரத்தை அதன் ஆள்தான் நிமிர்த்த வேண்டும். விதியை எழுதிய நானே எப்படித் தூக்குவேன்? அது அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். யாரும் பார்க்காத பகடை உருட்டாத பகடைக்குச் சமம். வலசை வெள்ளத்தில் போனான் என்று அறிவித்தேன். மேசை துடைக்கும்போது அந்த டம்ளரைச் சுற்றித் துடைப்பேன்.

ஜூலை 3, புதன்

கேஸ் வந்தது. மறுபடி அந்த வெளிநாட்டு எண்.

ஜூலை 7, ஞாயிறு

இருவரும் வந்தார்கள். நாலு மணிக்குக் குண்டாவில் எதுவும் அடிக்கவில்லை. மெச்சிக்கொண்டேன். ஆனால் இருவரும் ஆட்டத்தில் இல்லை. நீலிக்கு முன்னால் பாம்பு என்கிறேன், கோகிலா சரிங்க என்கிறாள். போன் இல்லாமலே போன் பார்க்கிற முகம். இதற்கு என்ன குண்டா இருக்கிறது?

ஜூலை 14, ஞாயிறு

கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

டீ நேரம். கோகிலா பிளாஸ்க்கை எடுத்து ஊற்றினாள். நீலிக்கு ஊற்றினாள், தாழ்க்கோலுக்கு ஊற்றினாள். பிறகு அவள் கை நாலாவது டம்ளருக்குப் போனது. தவறிப் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள், நிமிர்த்தினாள், டீ ஊற்றினாள். ரெண்டு வருடம் அது இருந்த இடத்தில் மேசைப் பலகை வட்டமாக வெளுத்திருந்தது. நடுவில் பகடை.

அந்தப் பகடை நான் வார்த்தது, இப்போது உருட்டுவது கடைப் பகடை. பவுண்டரியிலிருந்து ஓய்வு பெறும் முன் கடைசியாக வார்த்த பித்தளை. இருபது முகத்தையும் அரத்தால் ராவி, எண்களை நானே வெட்டி, பூபதிக்குக் கொடுத்தேன். கறுத்துப் போயிருந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது. பதினேழு.

"பதினேழுடா" என்றான் இம்மானுவேல்.

அங்கே டா போட்டுப் பேசுகிற ஆள் யாரும் இல்லை. அவன் தன் சட்டைப்பையைப் பார்த்துப் பேசினான். பைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறெதுவா என்று சொல்ல முடியவில்லை. நடுவில் நின்றுவிட்டது.

யார் தூக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"பூபதிதானுங்க. அந்த டம்ளர் ஆளு அவருதானுங்களே மாமா. அவரு சொல்லித்தான் நிமித்துனேன். விதிப்படிதானுங்க."

மேசை ஆடிவிட்டது, செல்லாது என்றேன்.

"மூடி வெச்ச பகடைங்க. ரெண்டு வருசமா நீங்களே சுத்தித்தான தொடச்சீங்க?" என்றாள் கோகிலா.

அப்படியானால் பகடையில் குறை இருக்கிறது என்றேன். வார்ப்பில் உள்ளே காற்று அடைத்திருக்கும், ஒரு பக்கம் கனம் கம்மி, அதனால் பெரிய எண்ணாக விழுகிறது. இம்மானுவேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் வார்த்த எதையும் கம்பெனியில் எவனும் திருப்பி அனுப்பியதில்லை என்பது இந்த மேசையில் நான் அடிக்கடி சொல்கிற பேச்சு.

"ரிஜெக்ட்" என்றேன். என் வேலையில் ரிஜெக்ட் ஆனது இது ஒன்றுதான்.

ஜூலை 15, திங்கள்

வலசையில் ஊற்றிய டீயை நேற்று கொட்டவில்லை. ஏடு கட்டி இருந்தது. சாயங்காலம் கொட்டினேன்.

ஜூலை 18, வியாழன்

மூன்று நாளாகப் பகடையை உருட்டிப் பார்க்கிறேன். சமையல் மேடையில், தரையில், கண்ணாடி மேல். சின்னதும் விழுகிறது, பெரியதும் விழுகிறது. எந்தப் பக்கமும் சாயவில்லை. காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தேன். சத்தம் முழுசாக வருகிறது.

சோதனைக்கு நேரம் போதாது. தீர்ப்பு தீர்ப்புதான்.

ஜூலை 21, ஞாயிறு

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். நான் குண்டாவின் மூடியைத் திறந்து நீட்டினேன். கோகிலா தன் போனைப் போட்டாள். இம்மானுவேல் ஒன்றைப் போட்டான். இன்னொன்றை எடுத்து, வலசை என்று பெயர் வெட்டிய டம்ளரில் சாய்த்து நிறுத்தினான். அதில் பூபதி இருந்தான். தாடி வைத்திருக்கிறான். காதோரம் நரைத்திருக்கிறது. அவன் பின்னால் சின்னச் சமையலறை, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது.

"அப்பா. வலசை உசுரோட இருக்கறானுங்களா?"

நான் இம்மானுவேலிடம்தான் பேசினேன். மேசை மேல் போன் இருக்கிறது, எடு என்றேன்.

இம்மானுவேல் கெஞ்சுகிற ஆள் இல்லை. இன்று கெஞ்சினான். "இது போன் இல்லீங்க மாமா. ஆளுங்க. அவன் வாரதுக்கு வேற வழி இல்லீங்க. இதையும் வராததுன்னு சொன்னா எப்டிங்க?"

வருகிறவன் படியேறி வருவான் என்றேன்.

"மதகு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா" என்றான் பூபதி. அவன் குரல் ஒரு நொடி பிந்தி வந்தது, உதடு முன்னால் போனது. "ரெண்டு வருசமா யோசிச்சு வெச்சிருக்கறேன். நான் வழி சொல்றேன். இன்னிக்கே தொறந்து போடலாமுங்க. அப்பறம் வேற கதை ஆரம்பிக்கலாம். வாரா வாரம் வருவனுங்க. ஒரு ஞாயிறும் தவற மாட்டேன்."

பாதியில் நிறுத்தி ஊற்றிய இரும்பு ஒட்டாது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கோகிலாதான் பிறகு பேசினாள். அவள் இதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"இம்மானுவேல் அண்ணன் புள்ளைங்களோட இருக்கற ஒரே நாளு இந்த ஞாயிறுங்க. எனக்கு வாரத்துல ஒரு நாளுதான் லீவு. சுத்துன சுரங்கத்தையே சுத்தறதுக்கு நாங்க எதுக்குங்க மாமா இங்க வாரோம்?"

"கதைக்குத்தான்" என்றேன்.

போனுக்குள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

எத்தனை விதி நான் எழுதியிருந்தாலும் தலையான விதி மேசையில் போன் கூடாது என்பது. போனை எடுத்தேன். திரையில் அவன் முகம் பெரிதாகி, மேல்கூரை, அப்புறம் என் கட்டைவிரல். அப்பா அப்பா என்றான். குண்டாவுக்குள் வைத்து மூடினேன். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் பேச்சு வந்தது. அலுமினியத்துக்குள் எல்லாம் முழக்கமாகத்தான் இருந்தது, வார்த்தை பிடிபடவில்லை. நான் பிடிக்க முயலவும் இல்லை. பிறகு நின்றது.

இம்மானுவேல் ஆறு மணிக்குக் காத்திருக்கவில்லை. மூடியைத் திறந்து போன்களை எடுத்தான். தன் டம்ளரைச் சமையலறைக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினான். ஜாபர் செய்த மாதிரியேதான், ஆனால் என் கையில் கொடுக்கவில்லை. மேடையிலேயே வைத்துவிட்டுப் போனான். கோகிலா கழுவவில்லை. தன் டம்ளரை மேசையில் கவிழ்த்து வைத்தாள். படியில் இறங்கும்போது முழங்கால் பயிற்சியை விடாதீங்க என்றாள்.

நான் செய்ததில் தப்பு என்னவென்று யாராவது சொல்லட்டும்.

ஜூலை 24, புதன்

மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போய்விட்டது. நானே மாற்றினேன். வெளிநாட்டு எண் எதுவும் வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

மூன்று மணிக்கு மேசையைத் துடைத்து, பிளாஸ்க்கில் டீ போட்டு, மிக்சர் எடுத்து வைத்தேன். யாரும் வரவில்லை. எவரும் வராவிட்டாலும் மேஸ்திரி மேசையில் இருக்க வேண்டும். நிலைமையைச் சொன்னேன். சுரங்கம். இருட்டு. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

விதி எல்லோருக்கும் ஒன்று. அதனால் என் போனையும் குண்டாவில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அணைத்து அலமாரியில் வைப்பது வழக்கம். இன்று அணைக்க மறந்துவிட்டது.

நாலு மணிக்கு அடித்தது. ஆறு மணிக்கு முன் திறக்கக் கூடாது. மூடி மேல் கையை வைத்துக்கொண்டேன். அதிர்வு உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வந்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது.

ஆறு மணிக்குத் திறந்தேன். தெரியாத எண் இல்லை. பூபதி என்றே இருந்தது. அதை என் போனில் எப்போது, யார் பதிந்தார்கள்? கோகிலாவாக இருக்கும், டம்ளரை நிமிர்த்திய அன்று.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பக்கத்து வீட்டார் சித்ரான்னம் கொடுத்தார்கள். ஆற்றுக்குப் போனார்களாம், தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லையாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போன ஞாயிறு மாதிரியே. நாலு மணிக்கு அடித்தது. ஒரே தடவைதான். சீக்கிரம் நின்றுவிட்டது. நான் மூடியிலிருந்து கையை எடுத்திருந்தேன், மிக்சர் எடுப்பதற்காக. இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

ஆறு மணிக்குப் பின் நான் கூப்பிடலாம். விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? வலசை இருக்கிறானா என்றுதான் கேட்பான். தீர்ப்பை மாற்றுகிற மேஸ்திரியை எவன் மதிப்பான்?

ஆகஸ்ட் 8, வியாழன்

பகடையைப் புளி போட்டு விளக்கினேன். பளிச்சென்று வந்தது. பழைய இடத்தில், அந்த வெளுத்த வட்டத்துக்குள், பதினேழு மேலே இருக்கும்படி வைத்து, வலசையைக் கவிழ்த்து மூடினேன். மேசை பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும், அதற்காக.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நல்ல தண்ணீர் வரவில்லை. மதியம் தயிர்ச் சோறு.

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். இன்று கதை சொல்லவில்லை. மேசையில் இரண்டு கவிழ்ந்த டம்ளர், நீலியும் வலசையும். நாலு மணி ஆயிற்று. குண்டாவில் சத்தம் இல்லை. நாலரை ஆயிற்று. மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். காதை வைத்தும் பார்த்தேன்.

ஆறு மணிக்குத் திறந்தேன். சார்ஜ் இருந்தது. மின்கட்டணம் கட்டச் சொல்லி ஒரு செய்தி வந்திருந்தது, ஆகவே போனில் பழுதில்லை. சத்தமும் குறைத்து வைக்கவில்லை.

பிறகு கணக்குப் பார்த்தேன். போனில் முகத்தைக் காட்டிக் கூப்பிட்ட அந்த ஞாயிறு ஒன்று. அதற்கடுத்தது ஒன்று. போன வாரம் ஒன்று. மூன்றிலும் வராத ஆள் நான். மூன்று ஞாயிறு தொடர்ந்து வராத ஆளுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அது நான் எழுதிய விதி. பூபதிக்கு அது மனப்பாடம். அதில் ஒரு எழுத்துகூட அவன் மீறவில்லை.

அதே விதிப்படி அந்த ஆள் உயிருக்கு ஒரு தடவை உருட்டிப் பார்க்கலாம். பகடை டம்ளருக்கு அடியில் இருக்கிறது, கை எட்டும் தூரம்தான்.

மேஸ்திரிக்குப் பாத்திரம் கிடையாது. எதற்காக உருட்டுவது?